நான்கு மணி நேரப் பறத்தலும் பத்து மணி நேரப் பயணமும்

வளைகுடா நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவைத்த குடும்பம் ஒன்றில், திருவனந்தபுரத்திலிருந்து துபாய் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். ‘நாலு மணி நேரம்’ என்றே பெரும்பாலும் விடை வரும். கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை. தூரத்தை நேரத்தால் அளக்கும் இந்த வழக்கம் இயல்பானதே. ஆயினும் அந்த நான்கு மணி நேரம், விமானத்தின் கதவு மூடியதிலிருந்து திறப்பது வரையிலான நேரம் மட்டுமே. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்கிட்டால் அது பத்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள ஆறு மணி நேரத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த குடும்பம், இக்கட்டான நாளில் பணத்துக்கும் ஆளுக்கும் அலைவதில்லை.

இக்கட்டுரையில் ஒரே ஒரு வான்வழியை எடுத்துக்கொண்டு, அதன் தூரத்தையும் நேரத்தையும் செலவையும் படிப்படியாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். வழி, திருவனந்தபுரம் – துபாய். கணக்கைத் தொடங்கும் இடம், கேரளத்தின் தென்கோடியில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்கள்.

எல்லையில் வாழ்வோரின் விமான நிலையம்

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைச் சந்திப்புக்கு இப்பால் தமிழ்நாடு, அப்பால் கேரளம். எல்லைக்கோடு வரைபடத்தில் தெளிவாக இருப்பினும், சந்தைக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதற்கும் அக்கோடு என்றுமே தடையாக இருந்ததில்லை. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் ஒலிக்கும் ஊர்கள் இவை.

விமானப் பயணத்திலும் எல்லைக்கு இருபுறமும் உள்ளோர்க்குப் பொதுவான வாசல் ஒன்றே. கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 240 கிலோமீட்டர்; திருவனந்தபுரமோ சுமார் 70 கிலோமீட்டர். ஆகவே மார்த்தாண்டத்தாருக்கும் குழித்துறையாருக்கும் பாறசாலையாருக்கும் வெளிநாட்டுப் பயணம் என்றால் திருவனந்தபுரம்தான்.

இந்நிலையத்தின் வரலாறும் நீண்டது. கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1932-இல் பறக்கும் கழகத்தின் பகுதியாக இது தொடங்கப்பட்டது. 1935-இல் டாட்டா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து இங்கு வந்து இறங்கியது. 1991-இல் இது பன்னாட்டு விமான நிலையமாகத் தரம் உயர்ந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனம் தன் முதல் சேவையை 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று தொடங்கியதும் இங்கிருந்தே. அந்த விமானம் சென்றது அபுதாபிக்கு. வளைகுடாவுக்கும் இம்மண்ணுக்கும் உள்ள தொடர்பின் ஆழத்துக்கு இந்த ஒரு செய்தியே போதுமான சான்று.

தூரம்: உருண்டையின் மேல் ஒரு நூல்

திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர். விமானிகளின் அளவையில் இது ஏறத்தாழ 1,590 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

இந்த எண் எவ்வாறு கிடைக்கிறது? சுவரில் தொங்கும் வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளந்தால் சரியான விடை வராது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது தூரங்கள் நீண்டும் குறுகியும் திரிந்துவிடுகின்றன. பள்ளிகளில் உள்ள உலக உருண்டை ஒன்றை எடுத்து, திருவனந்தபுரத்தில் ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையைத் துபாயில் வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் எந்த வழியாகக் கிடக்கிறதோ அதுவே மிகக் குறுகிய வழி. இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால், பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று கொண்டு இந்த நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

அந்த நூல் செல்லும் வழியையும் சற்றே தொடர்ந்து பார்ப்போம். திருவனந்தபுரத்திலிருந்து அது வடமேற்கு நோக்கிக் கிளம்புகிறது. லட்சத்தீவுகளின் வடபுறமாக அரபிக்கடலைக் கடக்கிறது. பெரும்பகுதி கடலின் மேலேயே சென்று, மசுகட்டுக்குத் தெற்கே ஓமன் நாட்டின் மேல் நுழைந்து துபாயை அடைகிறது. நடைமுறையில் விமானம் இக்கோட்டின் மேல் இம்மியும் பிசகாமல் பறப்பதில்லை. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வகுத்த பாதைகள், வானிலை, இறங்குவதற்கான வரிசை ஆகியவற்றால் உண்மையில் பறக்கும் தூரம் சற்றே கூடும்.

இங்கே வாடிக்கையாளர்க்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து சார்ஜா சுமார் 2,940 கிலோமீட்டர். துபாய் சுமார் 2,950. அபுதாபி சுமார் 2,955. மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு 20 கிலோமீட்டருக்கும் குறைவு. எனவே இம்மூன்றில் எந்த நகருக்குச் சீட்டு எடுப்பது என்பதை வானத்தின் தூரத்தைக் கொண்டு முடிவு செய்யத் தேவையில்லை. கட்டணம், இறங்கும் நேரம், இறங்கிய இடத்திலிருந்து தங்குமிடம் வரையிலான சாலைத் தூரம் ஆகிய மூன்றும்தான் கருதத்தக்கவை. சார்ஜாவில் தங்கி வேலை செய்பவர் சிறு தொகை குறைகிறதே என்று அபுதாபியில் இறங்கினால், நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைப் பயணம் அந்தச் சேமிப்பைத் தின்றுவிடக்கூடும்.

வானில் நேரம்: காற்றின் பங்கு

இவ்வழியில் பெரிதும் பறக்கும் போயிங் 737, ஏர்பஸ் 320 வகை விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. 2,950-ஐ 830-ஆல் வகுத்தால் 3 மணி 33 நிமிடம் கிடைக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், வேகம் குறைத்து இறங்குதல், நிறுத்துமிடம் சேர்தல் ஆகியவற்றுக்கு 40 நிமிடம் சேர்த்தால் 4 மணி 13 நிமிடம். கால அட்டவணைகளில் காணும் நேரமும் இதை ஒட்டியே இருக்கும்.

காற்று இக்கணக்கை மாற்றும். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்று கொள்வோம். தரையை நோக்க விமானத்தின் வேகம் 780 ஆகிறது. பறக்கும் நேரம் 3 மணி 47 நிமிடமாகிறது. அதே காற்று பின்னிருந்து தள்ளினால் வேகம் 880. நேரம் 3 மணி 21 நிமிடம். வேறுபாடு 26 நிமிடம். குளிர்காலத்தில் வட அட்சங்களின் உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வலிய காற்று வீசும். ஆகவே அப்பருவத்தில் துபாய்க்குப் போகும் நேரம் சற்றுக் கூடுவதும், ஊர் திரும்பும் நேரம் சற்றுக் குறைவதும் இயல்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் உயர்வானில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. இந்தக் கீழைத் தாரைக்காற்றை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் பி. கோடேஸ்வரம் என்னும் இந்திய வானிலை அறிஞர். ஒரே வழியில், ஒரே விமானத்தில், போகும் நேரமும் வரும் நேரமும் ஒத்திராமைக்குக் காரணம் இதுவே.

சீட்டில் உள்ள நேரமும் கையில் உள்ள கடிகாரமும்

முதன்முறை பயணம் செய்வோரைக் குழப்புவது காற்றைவிடக் கடிகாரமே. இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஐக்கிய அரபு அமீரக நேரம் 4 மணி முந்தியது. எனவே இங்கே காலை 9 மணி என்றால் அங்கே 7.30.

காலை 9 மணிக்குத் திருவனந்தபுரத்தில் புறப்படும் விமானம் 4 மணி 15 நிமிடம் பறந்தால், துபாய்க் கடிகாரத்தில் 11.45-க்கு இறங்கும். சீட்டைப் பார்ப்பவர்க்கு இரண்டே முக்கால் மணி நேரப் பயணமாகத் தோன்றும். திரும்பும்போது இரவு 10 மணிக்குத் துபாயில் புறப்பட்டு 4 மணி நேரம் பறந்தால், இந்திய நேரம் அதிகாலை 3.30-க்கு இறங்கும். சீட்டின்படி ஐந்தரை மணி நேரம்! குழப்பம் தீர எளிய வழி ஒன்று உண்டு. போகும் சீட்டில் தோன்றும் நேரத்தையும், வரும் சீட்டில் தோன்றும் நேரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். இரண்டே முக்காலும் ஐந்தரையும் சேர்ந்தால் எட்டே கால்; அதில் பாதி 4 மணி 7 நிமிடம். இதுவே சராசரியாகப் பறக்கும் நேரம்.

நேரத்தைக் காட்டிலும் தேதியில் நேரும் பிழை விலை மிக்கது. வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. சீட்டில் ‘5-ஆம் தேதி 00.40’ என்று இருந்தால், 4-ஆம் தேதி இரவு 9.30-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். 5-ஆம் தேதி இரவுதான் பயணம் என்று எண்ணி வீட்டில் இருப்பவர், விமானம் போய் ஒரு நாள் கழித்தே பெட்டியோடு புறப்படுவார். சீட்டு கைக்கு வந்தவுடன், ‘எந்த நாள் மாலை வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும்’ என்பதை அதன் மேலேயே எழுதிவைப்பது நலம்.

தரையில் நேரம்: சாலை, முனையம், ஆறாட்டு

இனி வீட்டிலிருந்து விமான நிலையம் வரை. பாறசாலையிலிருந்து பழைய தேசிய நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் செல்கிறது. கைத்தறிக்குப் பெயர்பெற்ற பாலராமபுரத்தின் சந்திப்பு நெரிசலுக்கும் பெயர்பெற்றது. எல்லையை ஒட்டிய காரோட்டில் தொடங்கி, முக்கோலை, திருவல்லம், சாக்கை வழியாகக் கழக்கூட்டம் செல்லும் புறவழிச்சாலை நகர நெரிசலைத் தவிர்க்க உதவுகிறது. அவ்வழியில் காரோட்டிலிருந்து சாக்கை 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தடையில்லாத நேரத்தில் ஒரு மணிக்குள் சேரலாம். ஆயினும் மாலை நெரிசலையும் மழையையும் கருதி ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவதே அறிவுடைமை. தொடர்வண்டியை விரும்புவோர், 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் – நாகர்கோவில் இருப்புப்பாதையில் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ஏறித் திருவனந்தபுரம் சென்ட்ரல் சென்று, அங்கிருந்து ஆட்டோவிலோ டாக்சியிலோ விமான நிலையம் சேரலாம்.

இறங்க வேண்டிய முனையத்தையும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். திருவனந்தபுரத்தில் ஓடுபாதைக்கு ஒருபுறம் சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய முனையம். மறுபுறம் சாக்கையில் 2011-இல் திறக்கப்பட்ட பன்னாட்டு முனையம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு சாலை வழியே செல்ல வேண்டும். புறப்பாட்டு நேரம் நெருங்கிய வேளையில் தவறான வாசலில் பெட்டிகளை இறக்கியவர்க்குத்தான் அச்சுற்றின் நீளம் தெரியும்.

உலகில் வேறெங்கும் காண்பதற்கு அரிய வழக்கம் ஒன்றும் இங்கு உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம், ஆண்டுக்கு இருமுறை, பங்குனி விழாவிலும் ஐப்பசி விழாவிலும், விமான ஓடுபாதையைக் கடந்தே சங்குமுகம் கடலுக்குச் செல்கிறது. விமான நிலையம் தோன்றுவதற்கு முன்பிருந்தே உள்ள வழி அது. அந்நாள்களில் மாலையில் சில மணி நேரம் ஓடுபாதை மூடப்பட்டு, விமானங்களின் நேரம் மாற்றப்படும். அறிவிப்பு முன்னதாகவே வெளியாகும். பங்குனியிலும் ஐப்பசியிலும் மாலை நேரச் சீட்டு எடுப்போர் விழா நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். வீட்டிலிருந்து முனையம் ஒன்றரை மணி. பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி முன்னதாக வந்திருத்தல். பறத்தல் நாலே கால் மணி. குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுத்தலும் ஒரு மணி. அங்கிருந்து தங்குமிடம் ஒரு மணி. மொத்தம் பத்தே முக்கால் மணி நேரம். மூவாயிரம் கிலோமீட்டரை இந்நேரத்தால் வகுத்தால் மணிக்கு 280 கிலோமீட்டர். வானில் 830 ஆக இருந்த வேகம், வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிடும்போது மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

சுற்றுவழிச் சீட்டு: குறைவது எது, கூடுவது எது

நேரடி விமானத்தைவிட இணைப்பு விமானத்தில் கட்டணம் சில வேளைகளில் குறைவாக இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்கும் முன் தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியே நோக்க வேண்டும்.

திருவனந்தபுரம் – மும்பை சுமார் 1,260 கிலோமீட்டர். மும்பை – துபாய் சுமார் 1,925. இரண்டும் சேர்ந்து 3,185. நேர்வழியைவிடக் கூடுதல் 235 கிலோமீட்டர்தான், நூற்றுக்கு எட்டு. கொழும்பு வழியாகச் சென்றால் முதலில் எதிர்த்திசையில் சுமார் 357 கிலோமீட்டர், பின்பு சுமார் 3,290. மொத்தம் ஏறத்தாழ 3,645. கூடுதல் 700 கிலோமீட்டர், அதாவது இன்னும் ஒரு மணி நேரப் பறத்தலுக்குள் அடங்குவது.

ஆனால் நேரம் அவ்வாறு கூடுவதில்லை. மும்பை வழியில் இரண்டு பறத்தல்களும் சேர்ந்து ஐந்தே கால் மணி. இடையே காத்திருப்பு ஆறு மணி என்றால் மொத்தம் பதினொன்றே கால். நேர்வழியின் நாலே கால் மணியோடு ஒப்பிட்டால் ஏழு மணி நேரம் கூடுதல். தூரம் நூற்றுக்கு எட்டு கூடியபோது நேரம் இரண்டரை மடங்குக்கு மேலாகிவிட்டது. சீட்டு விலையில் ₹4,000 குறைகிறது என்று கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு ₹570 என்ற விலைக்கு நம் நேரத்தை விற்கிறோம் என்று பொருள். விமான நிலையத்தில் இரண்டு வேளை உணவும், ஒரு நாள் சம்பள இழப்பும் சேர்ந்தால் அந்தச் சேமிப்பில் மிஞ்சுவது சிறிதே. விடுமுறைக்கு நிதானமாக வருபவர்க்கு இது ஏற்கத்தக்கதாக இருக்கலாம். நாள் குறித்த காரியத்துக்கு வருபவர்க்கு ஆகாது.

இன்னொன்றையும் கருத வேண்டும். இரண்டு பறத்தல்களும் ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது தவறும்போது மாற்று ஏற்பாடு செய்வது பொதுவாக விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவு கருதி இரண்டு சீட்டுகளைத் தனித்தனியே எடுத்திருந்தால், இரண்டாவது சீட்டின் இழப்பு பயணியுடையது.

பணம் நொடியில் வரும். ஆள் வர நேரமாகும்

இதுவரை பார்த்த கணக்குகளின் உண்மையான மதிப்பு, தொலைபேசி நள்ளிரவில் ஒலிக்கும் நாளில்தான் தெரியவரும்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்து வாடிக்கையாளர் குடும்பம் ஒன்றில் நேர்ந்ததைப் பெயர் குறிப்பிடாமல் சொல்கிறோம். தந்தைக்குத் திடீரென நெஞ்சுவலி. மகன் சார்ஜாவில். செய்தி எட்டியதும் கிடைத்த முதல் விமானத்தைப் பிடிக்க ஓடினார். விமானம் ஏறிய பின் அவருடைய கைப்பேசி அணைந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பணம் கட்டச் சொல்லி மருத்துவமனையில் கேட்டது அந்த நான்கு மணி நேரத்துக்குள்தான். மகனின் என்.ஆர்.இ. கணக்கில் தேவைக்கு மேலேயே பணம் இருந்தது. தாயிடம் கணக்குப் புத்தகமும் இருந்தது. ஆனால் அக்கணக்கை இயக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ‘எப்ப மக்களே வருவ?’ என்று அணைந்த எண்ணுக்கே மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தார். இறுதியில் அண்டை வீட்டார் தம் நகையை அடகு வைத்துத் தொகை கட்டினார்கள். தந்தை பிழைத்தார். சொந்தப் பணம் கணக்கில் கிடக்க, பிறர் நகையில் உயிர் தங்கியது.

இத்தகைய நிலை இன்று தவிர்க்கக்கூடியதே. உள்நாட்டில் பணம் அனுப்பும் வழிகள் யாவும் இப்போது இரவு பகல் பாராமல் இயங்குகின்றன. ஐ.எம்.பி.எஸ். சேவை 2010-இல் தொடங்கியது. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் 24 மணி நேரமும் கிடைக்கின்றன. அமீரகம் உள்ளிட்ட பத்து நாடுகளில் வாழும் இந்தியர், அந்நாட்டுக் கைப்பேசி எண்ணைக் கொண்டே தம் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கை யு.பி.ஐ.-யோடு இணைக்க 2023-இல் வழி திறந்தது. பணத்துக்கு 2,950 கிலோமீட்டர் என்பது சில நொடிகள்தான். ஆனால் அனுப்புவதற்கு விழித்திருக்கும் கை ஒன்று வேண்டும். பயணம் செய்பவரின் கை பல மணி நேரம் கட்டுண்டு கிடக்கும்.

ஆகவே கீழ்க்காணும் ஏற்பாடுகளை நல்ல நாளிலேயே செய்துவைக்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, கணக்கை இயக்கும் உரிமை. என்.ஆர்.இ. கணக்கில் உள்நாட்டில் வாழும் நெருங்கிய உறவினரை ‘முதலாமவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறையில் இணைக்கலாம். ஆனால் முதலாமவர் வாழும் காலத்தில், இணைந்த உறவினர் தாமாகவே பணம் எடுக்க இயலாது. அதிகாரப் பத்திரம் பெற்றவராக மட்டுமே கணக்கை இயக்க முடியும். பலரும் இதை அறியாமல், பெயர் சேர்ந்திருப்பதே போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். அதிகாரப் பத்திரத்தை வங்கிக் கிளையில் முன்பே பதிவு செய்திருந்தால், உள்ளூர்ச் செலவுகளுக்கான பணத்தை வீட்டிலிருப்பவர் எடுக்கலாம்.

இரண்டாவது, வீட்டிலிருப்பவர் பெயரிலேயே ஒரு கையிருப்பு. தாய் அல்லது மனைவியின் சேமிப்புக் கணக்கில், ஒரு மருத்துவ முன்பணம் அளவுக்கான தொகை எப்போதும் இருக்கட்டும். பயண நேரமாகிய அந்தப் பத்து மணி நேரத்தைத் தாண்டுவதற்கான தொகை இது என்று கருதிக்கொண்டால், எவ்வளவு என்பதை அவரவர் குடும்பமே முடிவு செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, அவசரச் சீட்டுக்கான தொகை. ஓணம், கிறிஸ்துமஸ், வளைகுடாப் பள்ளி விடுமுறை ஆகிய காலங்களில் கட்டணம் பலமடங்கு உயரும். அவசரம் பருவம் பார்த்து வராது. விடுமுறைக் காலத்தின் உச்சக் கட்டணத்தில் ஒரு சீட்டு வாங்கும் அளவுக்கு, உடனே எடுக்கத்தக்க கணக்கில் பணம் ஒதுக்கிவைக்க வேண்டும். நீண்டகால வைப்பில் முடக்குவது இதற்கு ஏற்றதன்று.

நான்காவது, அட்டை. இந்தியாவில் வழங்கப்படும் அட்டைகள் தொடக்கத்தில் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டில் பயன்படுத்த வேண்டுமானால், வாடிக்கையாளரே அதைத் திறக்க வேண்டும். துபாய் விமான நிலையத்தில் நின்றுகொண்டு இதைக் கண்டறிவதைவிடப் பாறசாலையில் இருக்கும்போதே செய்துமுடிப்பது எளிது.

ஐந்தாவது, கணக்கின் வகை. வேலைக்காக வெளிநாடு சென்று, சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் ஆனவர், தம் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் ஈட்டியதை என்.ஆர்.இ. கணக்கில் வைத்தால், அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. வேண்டும்போது திரும்ப எடுத்துச் செல்லவும் தடையில்லை. என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டிக்கு வரி உண்டு.

அதே தூரம், மாறிய காலம்

2020-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் பன்னாட்டு விமானச் சேவைகள் நிறுத்தப்பட்டன. துபாய் அதே 2,950 கிலோமீட்டரில்தான் இருந்தது. ஆயினும் நான்கு மணி நேர வழி பல வாரங்களுக்கு முற்றாக அடைபட்டது. மே 7 அன்று வந்தே பாரத் திட்டத்தின் முதல் விமானங்கள் அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் வந்தன. மாலத்தீவிலிருந்து கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் மே 10 அன்று கொச்சியை அடைந்தது. வழக்கமான பன்னாட்டுச் சேவை மீண்டும் தொடங்க 2022 மார்ச் 27 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நாள்களில் பெற்றோரின் இறுதிச் சடங்குக்கும் வர இயலாமல் போனவர்கள் எல்லையின் இருபுறத்து ஊர்களிலும் உள்ளனர். ஆள் வர இயலாதபோது பணமாவது உரிய கையில் சேர்ந்த வீடுகளுக்கும், அதுவும் சேராத வீடுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு, பெரும்பாலும் முன்பே இடப்பட்ட ஒரு கையெழுத்துதான்.

அடுத்த முறை விடுமுறைக்கு வரும் மகனோ மகளோ திரும்பிச் செல்வதற்கு முன், ஒரு காலைப் பொழுதைக் கிளைக்கென்று ஒதுக்குங்கள். கணக்குப் புத்தகம், கடவுச்சீட்டு, விசாவின் படி, கணக்கை இயக்கப்போகும் உறவினரின் அடையாளச் சான்று ஆகியவற்றோடு இருவரும் சேர்ந்தே வாருங்கள். அதிகாரப் பத்திரத்தையும், நியமனதாரர் பெயரையும், கைப்பேசி எண்களையும் அன்றே சரிபார்த்துக்கொள்ளலாம். விமான நிலையத்தில் காத்திருக்கும் மூன்று மணி நேரத்தைவிடக் குறைந்த நேரமே அதற்கு ஆகும்.